வீட்டுக்கடன் தாளில் இருக்கும் காப்பீட்டுத் தொகையை நம்பி வீடு வாங்காதீர்கள்

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பகுதியில், 2006-இல் கட்டப்பட்ட ஒரு வீட்டை 2023-இல் வாங்கினோம். அப்போது வீட்டுக் காப்பீட்டுச் செலவைக் குறைத்துக் காட்டிய ஒரு லோன் ஆபீசராலும் (கடன் தரும் நிறுவனத்தின் அலுவலர்), அவர் பரிந்துரைத்த முகவராலும் நாங்கள் பட்ட அல்லலை, டெக்சாஸ் புறநகர்களில் வீடு தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன்.

கடனுக்கு விண்ணப்பித்த மூன்று வேலை நாட்களுக்குள் அனுப்பப்பட வேண்டிய லோன் எஸ்டிமேட் என்ற செலவு மதிப்பீட்டில், காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 1,800 டாலர் என்று போட்டிருந்தார்கள். முகவரி, கட்டிய ஆண்டு, கூரையின் வயது அனைத்தையும் நாங்கள் முன்பே கொடுத்திருந்தோம். இந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "இந்த ஏரியாவில் எல்லோருக்கும் இவ்வளவுதான் வரும்" என்றார் லோன் ஆபீசர். எந்த நிறுவனத்திடமும் விலை கேட்காமல் பொதுவான ஒரு தொகையை இட்டிருந்தார்கள் என்பது குளோசிங் (கையெழுத்திட்டு வீட்டை வாங்கி முடிக்கும் நாள்) நெருங்கியபோதுதான் தெரிந்தது. உண்மையான விலை 4,500 டாலர். மாதத் தவணையில் 225 டாலர் கூடியதோடு, முதல் ஆண்டுப் பிரீமியம் முழுவதையும் எஸ்க்ரோவுக்கான (வரியும் காப்பீடும் கட்டக் கடன் தருபவர் பிடித்து வைக்கும் கணக்கு) சில மாதத் தொகையையும் குளோசிங்கிலேயே கட்ட வேண்டியிருந்ததால், கையிருப்பும் போதாமல் போயிற்று. காரணம் சொல்லாமல் விலகி முன்பணத்தைத் திரும்பப் பெற இடம் தரும் ஆப்ஷன் காலமும் அதற்குள் முடிந்துவிட்டது.

லோன் எஸ்டிமேட்டில் உள்ள பல கட்டணங்கள் பின்னர் எவ்வளவு உயரலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. காப்பீட்டுப் பிரீமியத்துக்கு அந்த வரம்பு கிடையாது. கைவசம் இருந்த தகவலை வைத்து நேர்மையாகக் கணித்ததாகக் கடன் தருபவர்கள் சொன்னால், அதை மறுத்து நிறுவுவது வாங்குபவருக்கு எளிதல்ல.

இதைவிட என்னைக் கொதிக்க வைத்தது அடுத்து நடந்தது. லோன் ஆபீசர் கைகாட்டிய முகவர், அதே வீட்டுக்கு 2,700 டாலரில் பாலிசி தருவதாகச் சொன்னார். எதைக் குறைத்து அந்த விலைக்கு வந்தார் என்பதைச் சொல்லவே இல்லை. பாலிசியின் முகப்புப் பக்கத்தை வரவழைத்து வரிவரியாகப் படித்த என் மனைவிதான் கண்டுபிடித்தார்: காற்று, ஆலங்கட்டி மழைச் சேதங்களுக்கு டிடக்டிபிள் கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், கூரைக்கு, தேய்மானம் கழித்த மதிப்பு மட்டுமே. கட்டடத்துக்கு 4,00,000 டாலர் காப்பீடு என்றால், முதல் 8,000 டாலர் நம் கையிலிருந்து போக வேண்டும். புதுக் கூரைக்கு 15,000 டாலர் ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், 17 ஆண்டுப் பழைய கூரையின் மதிப்பை 6,000 டாலர் என்று காப்பீட்டு நிறுவனம் கணித்துவிட்டால், அது அந்த 8,000-க்கும் குறைவு என்பதால் கைக்கு ஒரு டாலரும் வராது. ஆலங்கட்டி மழை பெய்யும் ஊரில் ஒரு குடும்பத்திடம் இதை வாய் திறந்து சொல்லாமல் விற்பது பச்சைத் துரோகம். அந்தப் பாலிசியை மறுத்துவிட்டு, அண்ணனிடம் கைமாற்று வாங்கி முழு விலைப் பாலிசியையே எடுத்தோம்.

வெள்ளக் காப்பீடு தேவையில்லை என்றும் இருவரும் சொன்னார்கள். கடன் தருபவர் கட்டாயப்படுத்தவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. 2017-இல் ஹார்வி புயலின்போது பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய கேட்டிப் பகுதிகளில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்பதை அங்கே இருப்பவர்கள் அறிவார்கள். அரசின் வெள்ளக் காப்பீட்டைக் கடனோடு சேர்த்துக் குளோசிங்கில் எடுத்தால் உடனே நடைமுறைக்கு வரும். பிறகு தனியாக எடுத்தால் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும்.

வீட்டின் விலையில் இத்தனை சதவீதம் என்று யாராவது காப்பீட்டைக் கணித்துச் சொன்னால் ஏற்காதீர்கள். நிலத்துக்குக் காப்பீடு இல்லை. மீண்டும் கட்ட ஆகும் செலவும் கூரையின் வயதும் முந்தைய இழப்பீட்டுக் கோரிக்கைகளும் போன்றவைதான் பிரீமியத்தைத் தீர்மானிக்கின்றன. அந்த வீட்டின் கடந்த ஏழாண்டுக் கோரிக்கைகளைக் காட்டும் க்ளூ (CLUE) அறிக்கையை விற்பவரிடம் கேளுங்கள். ஆப்ஷன் காலம் முடிவதற்குள், கடன் தருபவரோடு தொடர்பில்லாத இரண்டு மூன்று முகவர்களிடம் ஒரே கட்டடத் தொகைக்கும் ஒரே டிடக்டிபிளுக்கும் எழுத்தில் விலை வாங்கி, அந்தத் தொகையையே லோன் எஸ்டிமேட்டில் போடச் சொல்லுங்கள்.