மாரடைப்புக்குப் பின் கசியும் வால்வு: கிளிப்பா, சத்திரசிகிச்சையா?

"நெஞ்சைத் திறக்காமலே வால்வைச் சரிப்படுத்தலாமாம், அப்பாவுக்கும் அதையே செய்விப்பமா?" கொழும்பில் மாரடைப்பு வந்து தப்பியவர்களின் பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தழும்பின் நீளத்தைப் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள்.

மாரடைப்புக்குப் பின், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு கசிந்து இரத்தம் பின்னோக்கிப் போனால், பெரும்பாலும் வால்வின் இதழ்களில் நோயில்லை. பாதிக்கப்பட்ட இடது கீழறை விரிந்து இதழ்களை இழுத்துப் பிடிப்பதால் அவை சேர்ந்து மூடுவதில்லை. ஆகவே முதலில் மருந்து. ஒழுங்காகப் போட்டபின் எடுக்கிற எக்கோ என்கிற இதய ஸ்கேனில் கசிவு குறைந்திருப்பதும் உண்டு. வால்வைத் தாங்கும் தசையே அறுந்துவிட்டால் கதை வேறு. அது அவசர சத்திரசிகிச்சை.

கிளிப் முறையில் தொடை நாளம் வழியாகக் குழாய் ஏறுகிறது. மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து இடப்பக்கம் போய், இரு இதழ்களையும் நடுவில் கவ்விப் பிடிக்கிறது. இதயம் துடித்தபடியே இருக்கும். உணவுக்குழாய்க்குள் இறக்கிய எக்கோ கருவிதான் வைத்தியருக்குக் கண். 2018இல் வெளியான கோஆப்ட் ஆய்வில் 614 நோயாளிகள். இரண்டு வருடத்தில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 46.1 வீதமானோர் இறந்தார்கள். கிளிப்பும் போட்டவர்களில் 29.1 வீதம். அதே வருடம் வந்த மித்ரா-எஃப்ஆர் ஆய்வில், 304 பேரிடம், ஒரு வருடத்தில் பலனே தெரியவில்லை. அங்கே இதயம் கூடுதலாக விரிந்திருந்தது, கசிவு ஒப்பீட்டளவில் குறைவு என்பது பலர் ஏற்கும் விளக்கம். ஆளைத் தெரிவதில்தான் எல்லாம் இருக்கிறது.

நெஞ்சைத் திறந்தால், அடைபட்ட இதயக் குழாய்க்கு மாற்றுவழி போடும் பைபாஸையும் கூடவே செய்துவிடலாம். இது பெரிய அனுகூலம். வளையம் வைத்துத் திருத்துவதா, வால்வையே மாற்றுவதா? 251 பேரை வைத்து நடந்த ஆய்வில், திருத்தியவர்களில் 58.8 வீதமானோருக்கு இரண்டு வருடத்துக்குள் கசிவு திரும்பியது, மாற்றியவர்களில் 3.8 வீதம் மட்டுமே. இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. உலோக வால்வென்றால் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை ஆயுள் முழுக்க.

விலா இடுக்கில் சிறு வெட்டுப் போட்டுச் செய்வதற்கும், இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் தற்காலிகமாக ஏற்கும் இதய-நுரையீரல் இயந்திரம் வேண்டும். வெட்டுச் சின்னது, சத்திரசிகிச்சை சின்னதல்ல.

பைபாஸும் தேவை, உடம்பும் தாங்கும் என்றால் நான் திறந்த முறையையே சொல்வேன். ஸ்டென்ட் வைத்து, மருந்தும் முழு அளவில் எடுத்து, இன்னும் மூச்சு வாங்குகிற, சத்திரசிகிச்சை ஆபத்தான முதியவருக்குக் கிளிப். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம்; கிளிப்போ விலை கூடிய இறக்குமதிச் சாதனம். நகையை அடகு வைக்க முன் வைத்தியரிடம் கேளுங்கள்: கசிவு எவ்வளவு கடுமை? இதயம் எவ்வளவு விரிந்திருக்கிறது? மருந்து முழு அளவுக்கு வந்துவிட்டதா?