காண்ட்ராக்ட் முடியப்போகிறது: அடுத்த வேலைக்கு எந்த வழி?

ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இது வரும். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறப் போகும்போது நம்மைக் கம்பெனிக்கு அனுப்பிவைத்த ஆள் சப்ளை ஏஜென்சியின் சூப்பர்வைசர் ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, இந்த மாசத்தோட உனக்கு முடியுது, ஐடி கார்டைக் கொடுத்துடு" என்பார். ஆறு வருடத்தில் எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது. மூன்று முறையும் வேறு வேறு வழியில்தான் அடுத்த வேலைக்குப் போனேன். அதனால் எந்த வழி எதைக் கொடுக்கும், எதைப் பிடுங்கிக்கொள்ளும் என்று ஓரளவு சொல்ல முடியும்.

வேகம்தான் முக்கியம் என்றால் பழைய ஏஜென்சியை மிஞ்ச ஆளில்லை. "வல்லத்துல ஒரு கம்பெனிக்கு முப்பது பேர் வேணும், திங்கட்கிழமை வந்துடு" என்று ஒரே போனில் வேலை முடிந்துவிடும். ரூமை மாற்ற வேண்டாம், ஒரு நாள் சம்பளம்கூடப் போகாது. வாடகையும் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் கண்முன் நிற்கும்போது யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். முதல் முறை நானும் சரி என்றுதான் போனேன்.

என்ன நடந்தது என்பது ஒன்றரை வருடம் கழித்து, அக்கா கல்யாணத்துக்கு பிஎஃப் பணம் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. ஏஜென்சி வேறு பெயரில் இன்னொரு நிறுவனம் வைத்திருந்தது. என்னை அதற்கு மாற்றியபோது பழைய யுஏஎன் எண்ணை (எத்தனை கம்பெனி மாறினாலும் பிஎஃப்புக்கு ஒருவருக்கு ஒரே எண்) கேட்காமல் புதிதாக ஒன்று போட்டுவிட்டார்கள். பழைய கணக்கில் வேலையை விட்ட தேதி காலியாகவே இருந்தது. அந்தத் தேதி இல்லாமல் பணத்தை எடுக்கவும் முடியவில்லை, புதிய கணக்குக்கு மாற்றவும் முடியவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பணம்கூடப் பிறகு வந்துவிடும். பிஎஃப் பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். துண்டு துண்டாகக் கிடக்கிற சர்வீஸை ஒரே எண்ணின் கீழ் சேர்க்காவிட்டால் அந்தப் பத்து வருடம் கணக்கில் வராது. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின் விட்ட தேதியை நாமே பிஎஃப் இணையதளத்தில் பதிய வழி இருக்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியவந்தது.

இரண்டாவது வழி, உள்ளே வேலை செய்கிற நண்பர். நான் அதிகம் மதிப்பது இதைத்தான். ஆனால் வேலைக்காக இல்லை, தகவலுக்காக. எந்த லைனுக்கு ஆள் எடுக்கிறார்கள், நைட் ஷிப்ட் எத்தனை வாரம், கேன்டீன் சாப்பாட்டுக்குப் பிடிக்கிறார்களா, ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம் வருகிறதா, இல்லை ஒற்றையாகப் போட்டு முடிக்கிறார்களா? இதையெல்லாம் எந்த விளம்பரமும் சொல்லாது; கூட நிற்கிறவன்தான் சொல்வான். ஆனால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாலும், கடைசியில் உட்காரப்போவது ஏதோ ஒரு ஏஜென்சியின் மேசை முன்னால்தான். அப்புறம், ஒத்துவராத வேலையாக இருந்தால் சட்டென்று விடவும் முடியாது. நம்மைச் சேர்த்துவிட்டவனுக்குப் பேச்சு வரும்.

மூன்றாவது, அரசு நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாமும் தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம் என்ற இணையதளமும். நம் ஆட்களில் பலர் இதை மதிப்பதே இல்லை. "அதெல்லாம் கண்துடைப்பு" என்பார்கள். மூன்றாவது முறை நான் இதில்தான் போனேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: ஒரு பைசா செலவில்லை. ஆனால் பொறுமை வேண்டும். எனக்கு ஐந்து வாரம் ஆனது, இரண்டு முகாமுக்கு அலைந்தேன். காலையிலேயே போய்விட வேண்டும். ஐடிஐ மார்க்‌ஷீட், ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல்களும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் நாலைந்து செட் கையில் இருக்கட்டும். மதியத்துக்கு மேல் பாதி மேசைகளில் ஆள் இருப்பதில்லை.

அங்கேயும் மேசைக்குப் பின்னால் இருப்பவர்களில் பலர் ஏஜென்சிக்காரர்கள். அதனால் சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன்பே நான் கேட்பது, "சார், பே ரோல் யாருடையது? கம்பெனியா, ஏஜென்சியா?" என்றுதான். அதாவது, யார் பெயரில் சேர்த்து யார் சம்பளம் போடுகிறார்கள் என்று. கம்பெனியே நேரடியாகக் குறித்த கால ஒப்பந்தத்தில் எடுப்பதாக இருந்தால் நிலைமை வேறு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், அப்படி எடுக்கப்படுகிறவருக்கு ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கம்பெனி கொடுக்கும் பணிக்கொடை) உண்டு. வழக்கமான ஐந்து வருடக் கணக்கு அவருக்குக் கிடையாது. ஏஜென்சி வழியாக வரும் வேலையைவிடக் கையில் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் இதைத்தான் எடுப்பேன்.

அப்ரென்டிஸ் ஆகச் சேரச் சொல்லியும் கேட்பார்கள். ஐடிஐ முடித்த கையோடு வருகிறவருக்கு அது நல்லது, சான்றிதழ் கிடைக்கும். நாலு வருடம் மிஷின் ஓட்டியவருக்கு வேண்டாம். 1961 அப்ரென்டிஸ் சட்டப்படி அவர் பயிற்சியாளர்தான், தொழிலாளி இல்லை. சம்பளத்துக்குப் பதில் உதவித்தொகை, பிஎஃப் கிடையாது. வாட்ஸ்அப் குரூப்பில் "ரெஜிஸ்ட்ரேஷன் இரண்டாயிரம்" என்று வருவதைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: கட்டாதீர்கள்.

ஐந்து வாரம் சும்மா இருந்தால் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் என்ன செய்வது? முகாம் வழிக்குப் பலர் பயப்படுவது இதனால்தான். ஆனால் இஎஸ்ஐ (சம்பளத்தில் பிடிக்கிற சந்தாவுக்குக் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடு) வேலை போன அன்றே நிற்பதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருந்தால், வரும் ஜனவரி முதல் ஜூன் வரை மருத்துவம் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. சுங்குவார்சத்திரத்தில் என்னோடு ரூமில் இருந்த ஒரு தம்பி இது தெரியாமல் அம்மாவைத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கடன் வாங்கினான். அவன் கார்டு அப்போதும் செல்லுபடிதான்.

என்னைக் கேட்டால், முடிகிற தேதிக்கு 45 நாள் முன்பே அந்த வேலை இணையத்தில் பதிந்து முகாமுக்குப் போக ஆரம்பிக்க வேண்டும். நண்பர்களிடம் கம்பெனியைப் பற்றி மட்டும் விசாரித்துக்கொள்ளலாம். கையிருப்பு தீர்ந்தால் பழைய ஏஜென்சிக்குப் போவதில் தப்பில்லை. ஆனால் ஜாயினிங் ஃபார்மில் யுஏஎன் கட்டத்தை அவர்கள் நிரப்ப விடாதீர்கள். பழைய எண்ணை நீங்களே எழுதி, அந்தப் பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.