மாநிற இமைக்கு நாலு பழுப்பு: தினமும் போடும் ஐஷேடோ பற்றி என் அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி நேரு வீதிக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. நாள் முழுக்க எதிரில் நிற்பவர்களின் முகம் பார்த்துப் பேச வேண்டும். அதனால் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும், அதே சமயம் கல்யாண மேக்கப் மாதிரியும் தெரியக்கூடாது. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி சமயத்தில் நாலு குழியில் நாலு நிறம் உள்ள சின்ன ஐஷேடோ (இமையில் பூசும் நிறப்பொடி) பேலட் ஒன்று வாங்கினேன். அன்றிலிருந்து வேலை நாட்களில் அதுதான். முதல்முறையாக ஐஷேடோ வாங்க நினைக்கிற மாநிறப் பெண்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். கம்பெனி பெயர் சொல்லவில்லை. இதே நாலு நிறங்கள் இன்றைக்கு அநேகமாக எல்லாக் கம்பெனியிலும் கிடைக்கின்றன. நிறம் சரியாக அமைந்துவிட்டால் பெயருக்கு அவ்வளவு வேலை இல்லை.

வாங்கும்போது எல்லோரும் முகத்தின் நிறத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது இமையை. என் முகம் மாநிறம், மஞ்சள் சாயல் உண்டு. தங்க நகை எடுப்பாக இருக்கும், வெள்ளி கொஞ்சம் ஒட்டாமல் நிற்கும். வார்ம் டோன் என்று சொல்வது இதைத்தான். ஆனால் கண்ணாடியை நெருங்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் இமை கன்னத்தைவிட இரண்டு படி கறுப்பு. மூக்கை ஒட்டிய உள்மூலையில் இன்னும் கருமை, லேசாக ஊதா கலந்த மாதிரி. நம்ம பக்கத்துப் பெண்கள் நிறையப் பேருக்கு இது பரம்பரையாகவே வருவது. இந்த இமைக்கு மேலே போடப்போகிற நிறத்தைக் கடையில் நாம் எங்கே தேய்த்துப் பார்க்கிறோம்? மணிக்கட்டின் உள்பக்கத்தில். உடம்பில் வெளுப்பாக இருக்கும் இடங்களில் ஒன்று அது. அங்கே அழகாகத் தெரிகிற நிறம் இமைக்குப் போனதும் ஒன்று காணாமல் போகும், இல்லையென்றால் வெள்ளைத் திட்டாக நிற்கும்.

நான் விரல் முட்டியின் மேல்தான் தேய்த்துப் பார்ப்பேன். அங்கே தோல் கறுத்து, கொஞ்சம் சுருங்கியும் இருக்கும். என் இமைக்கு ரொம்பக் கிட்டத்தில் வருவது அந்த இடம்தான். தேய்த்துவிட்டு கடை வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். மிஷன் வீதியிலும் நேரு வீதியிலும் கடைக்குள்ளே வெள்ளை எல்இடி விளக்கு கண்ணைப் பறிக்கும். அதில் செங்கல் நிறம்கூட ரோஸாகத் தெரியும். "மேடம், இது நியூட்தான், யாருக்கும் செட் ஆகும்" என்று விற்கிற தங்கச்சி எடுத்துக் கொடுத்ததை வாசலில் பார்த்தபோது முட்டியில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி இருந்தது. நியூட் என்றால் தோல் நிறத்தோடு ஒத்துப்போவது; அட்டையில் அப்படிப் போட்டிருப்பது யாருடைய தோலுக்கு என்று ஒரு முறை யோசிக்க வேண்டும்.

ஏன் அப்படி ஆகிறது என்பது அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. வெளிர் ரோஸ், லாவெண்டர், சாம்பல் எல்லாவற்றுக்கும் அடியில் வெள்ளை நிறமி அதிகம் சேர்ப்பார்கள். டைட்டானியம் டையாக்ஸைடு, அட்டையில் அதற்கான நிற எண் 77891. மாநிறத்தின் மேல் அந்த வெள்ளை உட்கார்ந்தால் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். பாரிஸில் இருக்கிற பெரியப்பா மகள் லீவுக்கு வந்தபோது ஒரு பெரிய பேலட் கொடுத்தாள். அருமையான பொருள், பொடி வெண்ணெய் மாதிரி குழையும். அவளோடு வேலை பார்க்கும் பிரெஞ்சுப் பெண்களுக்கு அது பொருந்தும். என் இமையில் அதிலிருந்த ரோஸ் நிறங்கள் எல்லாம் ஒரே சாம்பலாகத்தான் தெரிந்தன. அதிலிருந்த ஒரே ஒரு தாமிர நிறத்தை மட்டும் இன்றைக்கும் விசேஷத்துக்கு எடுக்கிறேன்.

பழுப்பு, செங்கல், காவி, செம்பு இவற்றின் சங்கதி வேறு. இவற்றுக்கு நிறம் கொடுப்பது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு: சிவப்புக்கு 77491, மஞ்சளுக்கு 77492, கறுப்புக்கு 77499. ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணைச் சிவக்க வைத்திருப்பதும் இரும்பு ஆக்சைடுதான். மஞ்சளும் சிவப்பும் நம் தோலுக்குள்ளேயே இருப்பதால் இந்த நிறங்கள் இமையோடு சண்டை போடுவதில்லை. இமையின் இயற்கைக் கருமையை மறைக்கப் பாடுபடாமல், அதையே நிழலாக எடுத்துக்கொள்கின்றன.

என் பேலட்டில் இருப்பவை: மேட் (மினுங்காத) வெளிர் பழுப்பு, மேட் செம்பழுப்பு, செம்பு நிற ஷிம்மர் (மினுமினுப்பது), மேட் கரும்பழுப்பு. வெளிர் பழுப்பு தனியாகப் போட்டால் என் இமையில் தெரியவே தெரியாது. புருவத்துக்குக் கீழே கன்சீலர் (கருமையை மறைக்கும் க்ரீம்) தடவிய இடம் பிசுபிசுக்காமல் இருக்க அதை லேசாக ஒற்றுவேன், அவ்வளவுதான். முழு வேலையையும் செய்வது இரண்டாவதாக உள்ள செம்பழுப்பு. வறுத்த பண்ருட்டி முந்திரியின் மேல்தோல் இருக்கிறதே, சிவப்பும் பழுப்பும் சேர்ந்து, அந்த நிறம். என் இமையைவிட ஒரு படிதான் அடர்த்தி. இதை மட்டும் போட்டுக்கொண்டு போனால் ஐஷேடோ போட்டிருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது, கண் மட்டும் தெளிவாக இருக்கும். போன மாதம் சித்தி மகள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, கண்ணுல ஏதாவது போட்டிருக்கியா, இல்ல நல்லாத் தூங்கிட்டு வந்திருக்கியா?" தினசரிக்கு எனக்கு வேண்டியது அந்த அளவுதான்.

போடும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். புதிதாகப் போடுகிறவர்களுக்குத் திட்டு விழுவது இங்கேதான். பேலட்டோடு வரும் ஸ்பாஞ்சுக் குச்சியை எடுத்து வைத்துவிடுங்கள், அது நிறத்தை ஒரே இடத்தில் அப்பிவிடும். பஞ்சுபோன்ற சின்ன பிரஷ் ஒன்று போதும். பிரஷின் நுனி மட்டும் பொடியில் படவேண்டும். தொட்டதும் பேலட் விளிம்பில் ஒரு தட்டு. தட்டும்போது மெலிசாகப் புகை மாதிரி பறக்கும், தட்டாமல் விட்டால் அந்தப் பொடிதான் கன்னத்தில் விழும். கண்ணைத் திறந்து கண்ணாடியை நேராகப் பார்த்தபடி, கண் குழியின் எலும்பு தொடங்குகிற இடத்தில், வெளி மூலையில் முதலில் வைக்கிறேன். எங்கே முதலில் வைக்கிறோமோ அங்கேதான் அடர்த்தி அதிகம் இருக்கும். அங்கிருந்து உள்ளே வெளியே என்று பஸ் கண்ணாடியின் வைப்பர் போகிற மாதிரி லேசாக இழுக்க வேண்டும். பிரஷைக் காம்பின் கடைசியில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாமல் கரைந்ததும் நிறுத்திவிடலாம். ஐந்து நிமிடத்தில் இரண்டு கண்ணும் முடியும். கண்ணை முடித்த பிறகுதான் முகத்துக்குக் காம்பேக்ட் போடுவேன். பொடி ஏதாவது கீழே விழுந்திருந்தால் துடைத்துவிட வசதி.

செம்பு ஷிம்மருக்கு பிரஷ் வேண்டாம், மோதிர விரல் போதும். விரல் சூட்டில் அது நன்றாக ஒட்டும். கருவிழிக்கு நேர் மேலே இமையின் நடுவில் ஒரே ஒரு ஒற்று. பிரஷில் எடுத்தால் பாதி மினுமினுப்பு கன்னத்துக்குப் போய்விடும். பகல் வேலைக்கு நான் ஷிம்மர் போடுவது குறைவு. வெள்ளிக்கிழமை, சாயங்காலம் யார் வீட்டு விசேஷத்துக்காவது போகவேண்டிய நாள், இப்படி.

கரும்பழுப்பை நான் வாங்கியது கண்ணின் ஓரத்துக்கு அழுத்தம் கொடுக்க. இப்போது அதிகம் பயன்படுவது மைக்குத்தான். நம்மில் பாதிப் பேர் ஐஷேடோ இல்லாமல் இருப்போம், மை இல்லாமல் வெளியே போகமாட்டோம். கடற்கரை ஊரில் மை பதினோரு மணிக்குள் கீழே இறங்கிவிடும். கீழ்க்கண்ணில் மை தீட்டியதும், சின்னதான தட்டை பிரஷில் கரும்பழுப்பை எடுத்து மை கோட்டின் மேலேயே ஒற்றினால் அது இறங்குவது நன்றாகக் குறைகிறது. கொஞ்சம் கலைந்தாலும் கறுப்பாக வழியாமல் பழுப்பாகக் கரையும், பார்க்க அசிங்கமாக இருக்காது. இந்த ஒரு உபயோகத்துக்காகவே ஒரு கரும்பழுப்பு வாங்கலாம் என்பேன்.

சரி, வியர்வைக்கு வருவோம். கடலூரானாலும் புதுச்சேரியானாலும் வெயிலைவிடக் கொடுமை புழுக்கம். தவளக்குப்பம் வரும்போதே மேலுதடு வியர்த்துவிடும், பஸ்ஸில் நிற்கிற நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இமையில் எதுவும் தடவாமல் நேரே பொடி போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மடிப்பில் கோடாகச் சேர்ந்துவிடும். நிறம் போடும் முன் தடவ இமைக்கென்றே விற்கும் பிரைமர் நன்றாகப் பிடிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தினசரிக்கு எனக்குப் போதுமானது ஒரு பொட்டு கன்சீலர். அதை விரலால் நன்றாகத் தட்டி மெலிதாக்கி, மேலே வெளிர் பழுப்பை ஒற்றிவிடுவேன். கன்சீலரும் முகத்தைவிட வெளுப்பாக இருக்கக்கூடாது, பொடிக்கு அடியில் அது சாம்பலாகத் தெரியும். சன்ஸ்கிரீன் தடவுகிறவர்கள் இமை மேல் எண்ணெய் மிச்சம் இருந்தால் டிஷ்யூவில் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். கோடு விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த எண்ணெய்தான்.

இப்படிப் போட்டால் சாதாரண நாளில் சாயங்காலம் வீடு திரும்பும்வரை நிற்கிறது. கத்திரி வெயிலில் மூன்று மணிக்கு மேல் மங்கும், ஆனால் மேட் என்பதால் மங்குவதும் சீராக மங்கும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் தீர்த்தவாரி பார்க்க வெயிலில் கூட்டத்தோடு நின்றோம். உப்புக்காற்று, வியர்வை, தெறிக்கிற தண்ணீர். செம்பழுப்பு பாதி போயிருந்தது, மீதி அழகாகவே இருந்தது. அம்மாவின் பெரிய தங்கை மகள் அன்றைக்கு ஷிம்மர் போட்டிருந்தாள். அவளுக்கு மினுமினுப்பு மூக்குவரை இறங்கிவிட்டது. வெளியில் நிற்கிற நாளுக்கு மேட்தான்.

குச்சி வடிவில் வரும் க்ரீம் ஐஷேடோவும் இடையில் கொஞ்ச நாள் போட்டேன். வேகம் அதிகம், பொடி பறக்காது, கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு அதுவே நல்லது. ஆனால் உறைவதற்குள் விரலால் பரப்பிவிட வேண்டும், தாமதித்தால் திட்டுத் திட்டாக நின்றுவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பொடிதான் நிதானம் கொடுக்கும்.

இத்தனை நாள் உபயோகத்துக்குப் பிறகு பேலட்டின் நிலைமை: செம்பழுப்பின் நடுவில் தகரம் வட்டமாகத் தெரிகிறது. ஷிம்மரில் விரல் எண்ணெய் ஏறி மேலே ஒரு கெட்டிப் படலம் கட்டியது. செல்லோ டேப்பை மெதுவாக ஒட்டி எடுத்தேன், படலம் போய் அடியில் நல்ல பொடி வந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே எல்லாமே நமுத்துப்போகும், அதனால் பேலட்டைக் குளியலறைப் பக்கம் வைப்பதில்லை. பீரோவில், புதுச் செருப்புப் பெட்டியில் கிடைத்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கிறது. பிரஷை வாராவாரம் ஷாம்பு போட்டுக் கழுவி, படுக்கை வாட்டில் காய வைக்கிறேன். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் காம்புக்குள் இறங்கி பசை விட்டுவிடும்.

கண் விஷயம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மெட்ராஸ் ஐ வந்திருக்கும்போது எதுவும் போடவேண்டாம். வீட்டில் யாருக்கு வந்திருந்தாலும் பேலட்டையும் மைக்குச்சியையும் பகிரவேண்டாம், அக்கா தங்கையாக இருந்தாலும். விலை மலிவாகத் தெருவில் கிடைக்கிற பெரிய பேலட்டுகளை வாங்கும் முன் பின்பக்கம் பாருங்கள்: தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், லைசென்ஸ் எண், காலாவதி தேதி இருக்க வேண்டும், வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயர் இருக்க வேண்டும். இவை இல்லாத பொருள் கண்ணுக்குப் பக்கத்தில் வரவேண்டாம். வீட்டில் சைவம் பார்ப்பவர்கள் மெரூன், ரோஸ் நிறங்களில் 75470 என்ற எண் இருக்கிறதா என்று கவனியுங்கள். அது கார்மைன், ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு.

இரவில் எடுக்கும்போது தேய்க்கக்கூடாது. பஞ்சை மைசெல்லர் வாட்டரில் (மேக்கப் எடுக்கும் நீர்) நனைத்து மூடிய இமை மேல் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஒரே திசையில் வழித்தால் வந்துவிடும். தேங்காய் எண்ணெயும் எடுக்கும், பிறகு முகம் கழுவிவிட வேண்டும். இமையைத் தினமும் தேய்த்துக்கொண்டே இருந்தால் இருக்கிற கருமை இன்னும் கூடும்.

திறந்த டப்பா படத்துக்குள் 24எம் என்று என் பேலட்டில் போட்டிருக்கிறது, அதாவது திறந்ததிலிருந்து 24 மாதம். அந்தக் கெடு வரும் தீபாவளியோடு முடிகிறது. அடுத்து நாலு குழி வாங்கப்போவதில்லை. செம்பழுப்பும் கரும்பழுப்பும் தனித்தனி ஒற்றை டப்பாவாகக் கிடைக்கின்றன, அவை இரண்டும் போதும். சித்தி மகள் காலேஜ் சேர்கிறாள். அவள் என்னைவிட ஒரு படி கறுப்பு, அவளுக்குச் செம்பழுப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன், விரல் முட்டியில் தேய்த்துப் பார்த்து வாங்க.