மூன்றாம் முறையாக ‘தி வயர்’: முதல் ஐந்து எபிசோடுகள்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் போதைப்பொருள் கும்பல்களையும் அவர்களைத் துரத்தும் போலீஸையும் பற்றிய ‘தி வயர்’ தொலைக்காட்சித் தொடரை முதன்முதலில் பார்க்கத் தொடங்கியபோது, நான்காம் எபிசோடுக்குள்ளேயே இருமுறை நிறுத்திவிட்டேன். யார் யாருடைய ஆள் என்பது பிடிபடவில்லை. பால்டிமோரின் தெருப்பேச்சும் எளிதில் விளங்கவில்லை. பின்னர் ஐந்து சீசன்களின் 60 எபிசோடுகளையும் முடித்து, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒருமுறை முழுவதும் பார்த்தேன். இப்போது மூன்றாம் முறையாக, 2002-இல் வெளிவந்த முதல் சீசனின் முதல் ஐந்து எபிசோடுகளை ஓர் இரவுக்கு ஒன்றாக, அவசரமின்றிப் பார்த்திருக்கிறேன். அன்று மந்தமாகத் தோன்றிய இவையே இன்று இத்தொடரில் எனக்கு மிகவும் நெருக்கமானவை.

லெஸ்டர் ஃப்ரீமனை எடுத்துக்கொள்ளலாம். ஒரு போதைப்பொருள் கும்பலைப் பிடிக்க அமைக்கப்பட்ட போலீஸ் தனிப்படையின் அடித்தள அலுவலகத்தில், பொம்மை வீட்டுக்கான குட்டி மரச்சாமான்களை இழைத்துக்கொண்டு ஒதுங்கி அமர்ந்திருக்கும் துப்பறிவாளர் அவர். சக அதிகாரிகளைப் போலவே நானும் முதல்முறை அவரை ஒன்றுக்கும் உதவாதவர் என்று விட்டுவிட்டேன். அந்தக் கும்பலின் தலைவன் ஏவன் பார்க்ஸ்டேலின் புகைப்படம்கூடக் கிடைக்காமல் தனிப்படை திணறும்போது, அவனுடைய பழைய குத்துச்சண்டைச் சுவரொட்டியைத் தேடிப்பிடித்துக் கொண்டுவருபவர் அவர்தான். மேலிடத்தின் பேச்சைக் கேட்காமல் ஒரு வழக்கை ஒழுங்காக முடித்ததற்காக, அடகுக்கடைப் பிரிவில் 13 ஆண்டுகளும் 4 மாதங்களும் தள்ளிவைக்கப்பட்டவர் என்பது பிறகுதான் தெரிகிறது. அது தெரிந்தபின் பார்த்தால், கை மரத்தில் இருந்தாலும் காது முழுக்க அறையில்தான் இருக்கிறது என்பது புரிகிறது. இம்முறை என் கண் அந்த மேசையை விட்டு அகலவில்லை.

மூன்றாம் எபிசோடின் சதுரங்கக் காட்சியை ரசிகர்கள் அனைவரும் கொண்டாடுவார்கள். கும்பலுக்காகத் தெருவில் போதைப்பொருள் விற்கும் சிறுவர்கள் போடியும் வாலஸும் சதுரங்கக் காய்களை வைத்துச் செக்கர்ஸ் என்னும் எளிய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்க, அவர்களை மேற்பார்க்கும் ஏவனின் மருமகன் டியாஞ்சலோ அவர்களுக்குத் தெரிந்த உலகத்தைக் கொண்டே ராஜா, ராணி, யானை, சிப்பாய் என்று ஒவ்வொன்றாக விளக்குகிறான். சிப்பாய்கள் சீக்கிரமே வெட்டுப்படும் என்று அவன் சொல்ல, புத்தியுள்ள சிப்பாய் பிழைக்குமே என்று போடி மடக்குகிறான். முன்பெல்லாம் அந்தப் பதிலை ரசித்துக் கடந்துவிடுவேன். மூவரின் கதையும் எங்கே போய் முடிகிறது என்று தெரிந்தபின், அருகில் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் வாலஸைப் பார்ப்பதே கடினமாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. முதல் எபிசோடின் இறுதியில் சாட்சியின் பிணத்தைக் காட்டிவிட்டு, நீதிமன்றத்தில் அவர் அமர்ந்திருந்த துண்டை மீண்டும் ஓட்டுகிறார்கள். பார்ப்பவரின் நினைவாற்றலை நம்பி எழுதப்பட்ட தொடருக்கு அது தேவையே இல்லை. 2014-இல் வெளியான அகலத்திரைப் பதிப்பு துல்லியமானதுதான்; ஆனாலும் அந்தக் குறுகிய அறைகளின் நெருக்கடி பழைய 4:3 சட்டகத்தில்தான் முழுமையாகத் தெரிகிறது என்பது என் கருத்து. வசன வரிகளை மட்டும் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் எபிசோடில், எண்பலகையின் நடுவிலுள்ள 5-ஐத் தாண்டி எதிர் எண்ணை அழுத்தும், கும்பலின் பேஜர் செய்திகளின் ரகசியத்தைத் தனிப்படை அதிகாரி பிரெஸ்பலூஸ்கி கண்டுபிடிக்கும்போது எனக்கு இன்றும் உற்சாகம் பிறக்கிறது. ஆனால் அதே எபிசோடில்தான், கும்பலின் சரக்கைக் கொள்ளையடித்தவர்களில் ஒருவனான பிராண்டனை அடையாளம் கண்ட வாலஸ் தொலைபேசியில் தகவல் சொல்கிறான். ஆறாம் எபிசோட் வாலஸ் தங்கியிருக்கும் வீட்டருகே, மறுநாள் காலையில் தொடங்கும். அதைப் பார்க்க இன்னும் மனம் வராமல் இரண்டு நாட்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.