பட்டர்வொர்த் வீட்டுக்கு டீசல் ஜென்செட்டா, பெட்ரோலா?

அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் எங்கள் வரிசை வீட்டுக்கு டீசல் ஸ்டாண்ட்பை ஜென்செட், அதாவது கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டர், வைத்தோம். கையில் தூக்கிப் போகும் பெட்ரோல் ஜென்செட்டையும் பார்த்தோம். விலை குறைவு, இடம் அடைக்காது. இதெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். எதுவானாலும் கார்பன் மோனாக்சைடு வரும், அதனால் வீட்டுக்கு வெளியே, ஜன்னல்களை விட்டுத் தள்ளித்தான் வைக்க வேண்டும்.

நான் பார்த்தது பராமரிப்பைத்தான். ஜென்செட் வருடத்தில் பெரும்பாலான நாள் சும்மா கிடக்கும். பழுது சேருவதும் அப்போதுதான். பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் கெட்டுப்போய், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டரில் பிசினாகப் படியும். அதில் பெட்ரோல் போகும், ஊசித்துளை அளவே இருக்கும் ஜெட் அடைத்துக்கொண்டால், எத்தனை தடவை கயிறு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. மச்சான் வீட்டில் அப்படித்தான் ஆனது. பெட்ரோல் வால்வை மூடி, கார்ப்பரேட்டர் காலியாகும் வரை ஓடவிட்டால் தவிர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும். நான் வேலைக்குப் போயிருக்கும்போது கரண்ட் போனால் அம்மாதான் இருட்டில் கயிறு இழுக்க வேண்டும். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

டீசல் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் டாங்கியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அதனால் டாங்கியை நிரப்பியே வைப்பேன். ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்பேன். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். மாதம் ஒருமுறை அரை மணி நேரம், ஏர்கோனும் தண்ணீர் ஹீட்டரும் போட்டு ஓட்டுவோம். லோடு இல்லாமல் ஓடினால் டீசல் சரியாக எரியாமல் புகைக்குழாயில் கரியும் எண்ணெயும் படிந்துவிடும். ஸ்டார்ட்டர் பேட்டரியில் சார்ஜர் எப்போதும் மாட்டியே இருக்கும்.

2024 ஜூன் 10 முதல் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆனது. வருத்தம்தான், ஆனால் மாதம் அரை மணி ஓட்டத்துக்குப் பெரிய தொகை இல்லை.

கரண்ட் போனதும் வீட்டை ஜென்செட்டுக்குத் தானே மாற்றிவிடும் சுவிட்சை லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் போட வேண்டும். அது இல்லாமல் ஜென்செட் கரண்டை பிளக் பாயிண்ட் வழியாகக் கொடுத்தால் அது மின்சார நிறுவனமான டிஎன்பியின் கம்பிக்குத் திரும்பிப் போய், அங்கே வேலை செய்பவர் உயிருக்கே ஆபத்தாகும். ஜென்செட் எழும் அந்தச் சில விநாடிக்கும், எழாத நாளுக்கும், ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

பேட்டரி இன்வெர்ட்டரை நான் வைத்துப் பார்த்ததில்லை. புகை, சத்தம் இல்லாததால் அடுக்குமாடிக்காரர்களுக்கு அதுதான் வழி. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 2 கிலோவாட்-மணி பேட்டரியில் அது மட்டும் ஓடினால் ஏறக்குறைய 5 மணி நேரம் கிடைக்கும்.