பழைய மோட்டார்ஹோமில் முன்னவர் விட்டுப்போன வயரிங்: பிடுங்கிப் போடுவதா, தடம் பிடிப்பதா?

இருபது வருடம் ஓடிய மோட்டார்ஹோமை, அதாவது கட்டிலும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டியை வாங்கினால், வண்டியோடு சேர்ந்து இன்னொருவருடைய யோசனைகளும் வந்துவிடும். கதவோரத்தில் பெயர் எழுதாத சுவிட்ச். கட்டிலுக்கடியில் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகும் சிவப்பு வயர். பேட்டரி முனையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு லக்குகள் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையங்கள்). இவற்றை என்ன செய்வது என்பதற்கு மூன்று வழிகள் உண்டு. தொந்தரவு தராதவரை தொடாமல் விடலாம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக வயர் இழுக்கலாம். அல்லது ஒவ்வொரு வயரையும் தடம் பிடித்துத் தாளில் எழுதி, நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை மட்டும் மாற்றலாம். நான் எடுத்தது மூன்றாவது வழி. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தொடாமல் விடும் வழியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கூடுதல் அலமாரி, மாற்றிய திரைச்சீலை, கொக்கிகள் இவற்றுக்கு அது போதும். கரண்டுக்கும் கேஸுக்கும் போதாது. எந்த வழியில் போவதாக இருந்தாலும், அந்த வண்டியில் ஒரு இரவு படுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு வயரிலும், முனைக்கு மிக அருகிலேயே, ஏறக்குறைய 20 செ.மீ.க்குள், ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாத வயரை அன்றே கழற்றி முனையை மூடிவிடுங்கள். கேஸ் சிலிண்டர் பெட்டியின் அடியிலும் சமையலறைத் தரையிலும் உள்ள ஓட்டைகளைப் பாருங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். அது வெளியேறத்தான் அந்த ஓட்டைகள். குளிர் வருகிறதென்று பிளைவுட் போட்டு மூடியவர்கள் நிறையப் பேர். பழைய கேஸ் ஃபிரிட்ஜை எடுத்துவிட்டுக் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வைத்திருந்தால், அதற்குப் போன கேஸ் குழாயின் முனை பித்தளை மூடியால் முறையாக அடைக்கப்பட்டிருக்க வேண்டும். வால்வை மட்டும் திருகி விட்டிருப்பது அடைத்ததாகாது. கேஸ் வேலையை அதற்கு உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். தண்ணீர் ஊற்றும் வகை லெட் ஆசிட் பேட்டரியை வெளிக்காற்றுக் குழாய் இல்லாமல் கட்டிலுக்கடியில் மாற்றி வைத்திருந்தால், சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் நீங்கள் தூங்கும் இடத்தில்தான் சேரும். கேஸ் அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டிலும் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். அதையும் படித்துவிடுங்கள்.

இனி போட்டி மற்ற இரண்டு வழிகளுக்கும் இடையில்தான்.

எல்லாவற்றையும் பிடுங்குவதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. புது வயர், புது ஃபியூஸ் பெட்டி, எல்லாம் நம் கணக்கு. சில வண்டிகளுக்கு அதுதான் சரியும்கூட. எலி கடித்த வண்டி, தண்ணீர் ஏறி வயருக்குள்ளேயே செம்பு பச்சை பிடித்த வண்டி, தீ நாக்கு பட்ட வண்டி, வீட்டுச் சுவரில் போடும் ஒற்றைக் கம்பி வயரை முழுக்கப் பயன்படுத்திய வண்டி ஆகியவை இந்த ரகம். ஒற்றைக் கம்பி வயர் ஓடும் வண்டியின் அதிர்வைத் தாங்காது. திருகு இறுக்கிய இடத்தில் முறியும். வயரை வளைத்தால் மேலுறை பொடிப்பொடியாக உதிர்கிறதா? அப்படியானால் தயங்காமல் பிடுங்குங்கள்.

மற்ற வண்டிகளில் பிடுங்குவது நினைப்பதைவிடக் கடினம். சுவர் என்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே ஃபோம் வைத்து ஒட்டியது. வயர் அதற்குள் உற்பத்தியின்போதே போடப்பட்டது, உருவினால் வராது. வெட்டி விட்டுவிட்டு மேற்பரப்பில் புது வயர் இழுத்தால், சுவருக்குள் செத்த வயரும் வெளியே உயிருள்ள வயருமாக இரண்டு வலைகள் ஆகிவிடும். அதோடு, இன்னதென்று தெரியாத வயர்களுக்கும் வேலை இருந்திருக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் படிக்கட்டு தானாக உள்ளே போவது, ஓடும்போது மட்டும் ஃபிரிட்ஜுக்கு 12 வோல்ட் கொடுக்கும் ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்), வாட்டர் ஹீட்டர் பற்றவைக்கும் போர்டுக்கான சப்ளை, ஹீட்டரின் தெர்மோஸ்டாட் இணைப்பு என்று பல. பிடுங்கிய பிறகு இவற்றில் எது போனது என்று ஒவ்வொன்றாகத்தான் தெரியவரும். அப்போது கேட்பதற்கு அந்த வயர் இருக்காது.

தடம் பிடிப்பதை நான் முன்வைப்பதற்கு ஒரே காரணத்தைத்தான் அழுத்திச் சொல்வேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். திங்கட்கிழமை ஒரு வயரை மாற்றுகிறோம், செவ்வாய்க்கிழமை தண்ணீர் பம்பு ஓடவில்லை என்றால் காரணம் எங்கே என்று தேட வேண்டியதில்லை. நாற்பது வயரை ஒரே வாரத்தில் மாற்றிய வண்டியில் பம்பு ஓடவில்லை என்றால் நாற்பது இடத்தைப் பார்க்க வேண்டும். புது வயரிங்கிலும் சரியாக அமுக்காத கிரிம்ப் (லக்கை வயர்மேல் நசுக்கிப் பிடிக்க வைத்த இணைப்பு) ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும். பழுது வருவதை எந்த வழியாலும் முழுக்கத் தடுக்க முடியாது. இருட்டில், ஊர் பேர் தெரியாத இடத்தில், வந்த பழுதை அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் பழைய வண்டியைப் பராமரிப்பதில் முக்கியமான கேள்வி. வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்போது படிப்படியாகப் போட்ட வரைபடம் அதற்கு விடை தரும். இந்த வழியில் வண்டி வாரக்கணக்கில் நிற்பதும் இல்லை.

முதல் வேலை, முன்னவர் எதற்காக இதைச் செய்தார் என்று யோசிப்பது. கடுங்குளிரில் தங்கியவர் என்றால் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் சூடேற்றும் பட்டை இருக்கும். பெயரில்லாத சுவிட்ச் பெரும்பாலும் அதற்குத்தான். மெயின் கரண்ட் இல்லாத இடங்களில் நாட்கணக்கில் நின்றவர் என்றால் இரண்டாவது பேட்டரி, சோலார், பெரிய இன்வெர்ட்டர். பின்னால் கார் கட்டி இழுத்தவர் என்றால் பின்விளக்கு வயர்களில் கூடுதல் இணைப்புகளும், முன்பக்கத்துக்கு வரும் பிரேக் வயர் ஒன்றும் இருக்கலாம். நோக்கம் பிடிபட்டால் பாதித் தடம் தானாகவே வந்துவிடும்.

இரண்டாவது, மாற்றங்கள் அடுக்கடுக்காக வந்தவை. மெயின் கரண்டை 12 வோல்ட்டாக்கும் கன்வெர்ட்டரின் லேபிள், கேஸ் ஹோஸ், பேட்டரி, பிரேக்கர் எல்லாவற்றிலும் தயாரித்த வருடமோ குறியீடோ இருக்கும். வரிசைப்படுத்தி எழுதினால் எது முதலில் வந்தது, எது அதன்மேல் ஏறியது என்று தெரியும். கிரிம்ப் வகையும் வயரின் நிறமும் அதே கையெழுத்தைக் காட்டும்: ஒரே கருவியால் அமுக்கிய நீல நிற லக்குகள் ஒரே ஆளின், ஒரே காலத்து வேலை. கழற்றும்போது கடைசியாக வந்ததை முதலில் கழற்றுங்கள். நிறத்தை வைத்து மட்டும் பாசிட்டிவ், நெகட்டிவ் முடிவு செய்யாதீர்கள். கார் வயரிங்கில் கருப்பு நெகட்டிவ். சில மோட்டார்ஹோம்களில் தொழிற்சாலையே கருப்பைப் பாசிட்டிவாகவும் வெள்ளையை நெகட்டிவாகவும் போட்டிருக்கிறது. போதாததற்கு, அமெரிக்க வண்டிகளின் 120 வோல்ட் மெயின் வயரிங்கிலும் கருப்புதான் ஃபேஸ். மீட்டர் வைத்த பிறகே கை வையுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர், வயரில் ஒலி அனுப்பித் தடம் பிடிக்கும் டோன் டிரேசர், எண் போட்ட ஒட்டு லேபிள்கள். தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பேட்டரி முனையையும், ஃபியூஸ் பெட்டியின் முன்னும் பின்னும் படம் எடுங்கள். பிறகு ஒரு ஃபியூஸை உருவி, வண்டியில் எது நின்றது என்று பார்த்து எழுதுங்கள். தாளில் வயரின் எண், எங்கிருந்து எங்கே, குறுக்குவெட்டு, ஃபியூஸ் அளவு, ஓடும்போது இழுக்கும் ஆம்பியர், எதற்கு என்று ஆறு பத்திகள் போதும். எண்ணை வயரின் இரு முனையிலும் ஒட்டுங்கள். டோன் டிரேசரை மாட்டும் வயர் இரு பக்கமும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். செத்த வயரை முதலில் சப்ளை இருக்கும் பக்கத்தில் கழற்றி, ஒரு சாண் நீளம் விட்டு, முனையில் ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) போட்டு, தாளிலும் குறியுங்கள். சுவரோடு ஒட்ட வெட்டினால் பின்னால் வருத்தப்படுவீர்கள்.

எல்லாம் அணைத்த நிலையில் எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று அளக்க, பேட்டரி நெகட்டிவ் வயருக்கும் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் தொடராக மாட்டுங்கள். அந்த நேரத்தில் இன்வெர்ட்டரையோ இன்ஜினையோ தொடக் கூடாது; மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கேஸ் அலாரமும் ரேடியோ நினைவகமும் சேர்ந்து 0.1 ஆம்பியர் அளவில் இழுப்பது இயல்பு. 0.25 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-அவர். 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியை எட்டு நாளில் குடித்துவிடும். ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவினால் எந்தப் பக்கம் கசிகிறது என்று தெரிந்துவிடும். எந்த ஃபியூஸுக்கும் கசிவு குறையவில்லை என்றால், ஃபியூஸ் பெட்டியைத் தாண்டி நேராகப் பேட்டரியில் மாட்டிய வயர் ஏதோ இருக்கிறது.

அடிக்கடி அகப்படும் தவறுகளில் முதன்மையானது ஃபியூஸ் அளவு. ஃபியூஸ் காப்பது வயரை. 1.5 சதுர மி.மீ. வயருக்கு 15 ஆம்பியர், 2.5க்கு 20, 4க்கு 30 என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. அடிக்கடி போகிறதென்று 30 ஆம்பியர் ஃபியூஸ் செருகிய மெல்லிய வயர் சுவருக்குள் சூடாவது யாருக்கும் தெரியாது. வீட்டுச் சுவிட்சை 12 வோல்ட்டுக்குப் பொருத்துவது அடுத்தது. ஏ.சி. கரண்ட் நொடிக்கு 100 அல்லது 120 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் சுவிட்சுக்குள் எழும் பொறி அணையும், டி.சி.யில் பொறி நீளும், காண்டாக்ட் கருகும். டி.சி. அளவு குறித்த சுவிட்சாக மாற்றுங்கள்.

விளக்கு மங்கினால் பெரும்பாலும் பாசிட்டிவ் பக்கத்தைத்தான் தேடுகிறார்கள். விளக்கு எரியும்போது பேட்டரி பாசிட்டிவிலிருந்து விளக்கின் பாசிட்டிவ் வரை எத்தனை வோல்ட் காட்டுகிறது, நெகட்டிவிலிருந்து நெகட்டிவ் வரை எத்தனை என்று தனித்தனியாக அளந்தால், துருப்பிடித்த தகடு திருகில் மாட்டிய நெகட்டிவ் மாட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து 0.36 வோல்ட்டுக்குள், அதாவது 3 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. வயர் மெலிதாக இருந்தாலும் இதே அறிகுறிதான். 2.5 சதுர மி.மீ. வயர் போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்றால் எதிர்ப்பு 0.07 ஓம், 10 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே தூரத்துக்கு 6 சதுர மி.மீ. போட்டால் 0.3 வோல்ட்.

இன்ஜின் பேட்டரியையும், வண்டிக்குள் விளக்கு, பம்புக்குக் கரண்ட் தரும் வீட்டுப் பேட்டரியையும் சேர்க்கும் ரிலேயில் ஒரு மோசமான மாற்று நடக்கிறது. பழையது போனதும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் மோட்டாருக்கான ரிலேயை, அதாவது ஸ்டார்ட்டர் சொலினாய்டை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்டார்ட்டர் வகை சில நொடிகளுக்கானது, மணிக்கணக்கில் கரண்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) எரியும். கழற்றி ஓம் அளந்தால் தெரியும்: ஸ்டார்ட்டர் வகை காயில் சில ஓம்தான், தொடர்ந்து இயங்கும் வகை பத்து ஓமுக்கு மேல். ரிலேக்குப் பதில் டையோடு (கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம்) வகை ஐசொலேட்டர் வைத்திருந்தால் ஏறக்குறைய 0.7 வோல்ட் அதிலேயே இழப்பு; இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்கு 13.5தான் வரும். வீட்டுப் பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம். இன்வெர்ட்டருக்கு வரும் வயரையும் கணக்குப் போடுங்கள். 2000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட்டில் 190 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதற்கு 50 முதல் 70 சதுர மி.மீ. கேபிள் வேண்டும். 25 இருந்தால் கேபிளை மாற்றுங்கள், அல்லது இன்வெர்ட்டரைச் சிறிதாக்குங்கள்.

மெயின் கரண்ட் பக்கம் எலக்ட்ரீஷியன் வரட்டும். ஆனால் அவரிடம் இதைக் கேளுங்கள்: வண்டியின் மெயின் பெட்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்கிறதா? வீட்டுப் பழக்கத்தில் சிலர் இணைத்துவிடுகிறார்கள். அந்த இணைப்பு கரண்ட் கிளம்பும் இடத்தில்தான் இருக்க வேண்டும். வண்டியிலும் இருந்தால் திரும்பும் கரண்டில் ஒரு பங்கு வண்டி உடம்பு வழியாகப் போகும், ப்ளக் செருகியதும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் வெளியே உள்ள கசிவுத் தடுப்பான் (ஆர்.சி.டி.) விழும். இரு முனையிலும் ஆண் ப்ளக் உள்ள கேபிள் ஏதாவது அகப்பட்டால் வெட்டிப் போடுங்கள். ஒரு முனையைச் செருகியதும் மறுமுனைப் பின்கள் உயிரோடு நிற்கும்.

தண்ணீர்ப் பக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. வெந்நீர் எப்போதும் வெதுவெதுப்பாகவே வந்தால் வாட்டர் ஹீட்டரின் பைபாஸ் வால்வுகளைப் பாருங்கள். குளிர்காலத்துக்காகத் திருப்பியதில் ஒன்று பாதியில் நிற்கும். கூரையில் சிலிகான் அப்பியிருந்தால் முழுதாகச் சுரண்டி எடுத்த பிறகே புது சீலன்ட் போடுங்கள். சிலிகான் எச்சத்தின்மேல் வேறு எதுவும் ஒட்டாது.

லித்தியம் பேட்டரி போட்டிருந்தால் இங்கே சொன்ன சார்ஜ் கணக்கு மாறும். பேட்டரியின் தாளில் உள்ள சார்ஜ் வோல்ட்டேஜும் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் கூடாது என்ற விதியும்தான் கணக்கு. இன்ஜினிலிருந்து சார்ஜ் ஆவது வெறும் ரிலே வழியாக என்றால், இழுக்கும் கரண்டை ஓர் அளவுக்குள் வைக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் போடுவது நல்லது. லித்தியம் அளவில்லாமல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கும், இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது இன்னும் அதிகம். ஒரே ஜோடி வயரில் கட்டளை அனுப்பி எல்லாவற்றையும் இயக்கும் கன்ட்ரோல் போர்டு உள்ள புதுத் தலைமுறை வண்டிகளுக்கு ஃபியூஸை உருவிப் பார்க்கும் முறை அவ்வளவாக உதவாது. அங்கே போர்டின் வரைபடம் கையில் இல்லாமல் எந்த வயரையும் கழற்ற வேண்டாம்.

தாள் முடிந்ததும் ஒரு பிரதியை லேமினேட் செய்து ஃபியூஸ் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். இன்னொன்று ஃபோனில் இருக்கட்டும். பிறகு மாற்றும் ஒவ்வொரு வயருக்கும் தேதி போடுங்கள்.