கோதுமை மா ரொட்டியை விட்டால் எது?

"கோதுமை, பார்லி, ரை மூன்றும் வேண்டாம்" என்றார் வைத்தியர். அத்தைக்குச் சீலியாக் நோய்: இத்தானியங்களிலுள்ள குளூட்டன் எனும் புரதம் சிறுகுடலைப் புண்படுத்திவிடும். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் அறுபது வயதுவரை ரொட்டியும் சம்பலுமாக வாழ்ந்த என் அத்தைக்கு, சோற்றுப்பானையையே கவிழ்த்துவிட்டது போலிருந்தது. மாற்று தேடி அலைந்தோம்.

'குளூட்டன் அற்றது' என்று அச்சிட்ட வெளிநாட்டு மாப் பொதியை முதலில் ஒதுக்கினோம். நாட்கூலியில் வாழும் வீட்டுக்கு அது கட்டுபடியாகாது.

குரக்கன் (கேழ்வரகு) எனக்குப் பிடித்த வழி. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம். சீலியாக் நோயில் சிறுகுடல் சரியாக உறிஞ்சாததால் எலும்பு நலிவதும் உண்டு. ஆனால் கடைக் குரக்கன் ரொட்டி உடையாமலிருக்கக் கோதுமை மாவையும் சேர்த்துப் பிசைவார்கள். வீட்டில் சுட்டால்தான் நம்பலாம்.

அரிசி மாவிலும் இதே பொறி. கடை இடியப்பம் வெள்ளைவெளேரென்று இருந்தால் அவித்த கோதுமை மாவாகவும் இருக்கலாம். சிவப்பரிசியை ஊறவைத்து இடித்து வறுத்த மாவில் பிட்டு அவித்தால் கவலையில்லை, நார்ச்சத்தும் கிடைக்கும். அவித்த மரவள்ளிக்கும் உருளைக்கிழங்குக்கும் மா அரைக்கும் மில்லே தேவையில்லை, அதனால் கலப்படப் பயம் மிகக் குறைவு. புரதம் போதாது, பருப்போ கருவாடோ துணைக்கு வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று மாமா கேட்டார். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனே குடலைப் புண்படுத்தப் போதும். ஒரு ரொட்டியிலோ கிராம் கணக்கில் இருக்கிறது. பெரியவர்களின் குடல் மெதுவாகத்தான் ஆறும்: அமெரிக்க ஆய்வொன்றில் 2 வருடத்தில் மூன்றிலொருவருக்கும் 5 வருடத்தில் மூன்றில் இருவருக்குமே குடலுறிஞ்சிகள் (சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற மடிப்புகள்) தேறியிருந்தன.

உணவை மாற்றியும் வயிற்றோட்டம் நிற்காவிட்டால் முதல் சந்தேகம், தெரியாமல் உள்ளே போகும் கோதுமை. சோயா சோஸ், மோல்ட் பானம், பெருங்காயம் எல்லாவற்றையும் பாருங்கள். அடுத்து, பாற்சர்க்கரை செரியாமை, சிறுகுடலில் பாக்டீரியா பெருக்கம், பெருங்குடல் அழற்சி. ஒரு வருடத்துக்கு மேல் உணவில் கண்டிப்பாக இருந்தும் குடலுறிஞ்சிகள் தேறாமல் அறிகுறிகளும் தொடர்ந்தால் அது உணவுக்குக் கட்டுப்படாத சீலியாக், அரிதானது. அதன் முதல் வகை பெரும்பாலும் ஸ்டீரொய்ட் மருந்துக்கு இணங்கும். இரண்டாம் வகையில் குடலிலுள்ள டி-செல்கள் எனும் நோயெதிர்ப்பு அணுக்கள் இயல்பு மாறியிருக்கும். குடல் லிம்போமா எனும் புற்றுநோயாக மாறும் அபாயம் அதில்தான் அதிகம். நன்றாகத் தேறியவருக்குத் திடீரென எடை குறைந்து, வயிற்றுவலியும் காய்ச்சலும் வந்தால் உணவை மட்டும் திருத்திக்கொண்டிருக்கக் கூடாது. எண்டோஸ்கோபி (கமரா பொருத்திய குழாயால் குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்ய வேண்டும்.

இன்னொன்று: சீலியாக் இருக்குமோ என்ற சந்தேகத்தில் ரொட்டியை நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போகாதீர்கள், முடிவு பொய்த்துவிடும்.

அத்தை இப்போது காலையில் சிவப்பரிசிப் பிட்டு, வாரம் இருமுறை குரக்கன். அடுப்படியில் அவருக்கென்று தனி ரொட்டிக்கல். பேரப்பிள்ளைகள் அதைத் தொட்டால் சத்தம் அடுத்த லயத்துக்குக் கேட்கும்.